கூடைப்பந்தும் கலாசாலை வாசலும்

அமெரிக்க நாட்டில் மார்ச்சு மாதம் பிறந்துவிட்டால், உயர்கல்வியைப் பற்றி ஆண்டு முழுவதும் ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூட, சர்வகலாசாலைகளின் பெயர்களை வாய் ஓயாமல் உச்சரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருமுறை தோற்ற குழு வீடு திரும்ப வேண்டியதுதான் என்ற நிபந்தனையின் கீழ் 68 கலாசாலைக் குழுக்கள் மூன்று வார காலம் மோதி, முடிவில் ஒன்றே ஒன்று பட்டம் சூடும் தேசியக் கூடைப்பந்துப் பந்தயம் அப்போதுதான் நடைபெறுகிறது. 1939-ஆம் ஆண்டில் எட்டுக் குழுக்களுடன் ஆரம்பமாகி, 1985-இல் 64 குழுக்களாகவும் 2011-இல் 68 குழுக்களாகவும் விரிந்த இப்பந்தயத்தை ஒளிபரப்பும் உரிமைக்கு, 2010-இல் தொலைக்காட்சி நிறுவனங்கள் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் தர உடன்பட்டன. ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் பனிக்காலத்தில் மைதானத்தில் இறங்க முடியாத மாணாக்கர்களுக்குத் தேகப்பயிற்சி அளிக்கும் பொருட்டு 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரே மாட்டிக் கற்பித்த விளையாட்டு, அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கலாசாலையின் வழியே நம் பள்ளிக்கூடங்களுக்கும் பழக்கமான அந்த எளிய விளையாட்டு, தன் பிறந்த நாட்டில் இவ்வளவு பெரிய வர்த்தகமாக வளர்ந்திருக்கிறது.

இவ்வளவு பொருளும் ஆரவாரமும் கல்வி ஸ்தாபனங்களின் பெயராலேயே நிகழ்வதால், இயல்பாகவே ஒரு கேள்வி எழுகிறது. பந்தயத்தில் வென்ற கலாசாலையை நாடி வரும் மாணாக்கர் தொகை பெருகுகிறதா? பெருகுமாயின் எவ்வளவு, எதனால், எத்தனை காலத்திற்கு? இக்கேள்விக்கு மறுபுறமாக இன்னொன்றும் இருக்கிறது. விளையாட்டில் வல்லவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவருக்குக் கலாசாலையில் இடம் கிடைப்பது எவ்வளவு தூரம் நடக்கிறது, அதனால் பயனடைவோர் யாவர் என்பது அது. அறிஞர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆயினும் இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி அமெரிக்கக் கலாசாலை அனுமதியில் விளையாட்டு வகிக்கும் உண்மையான ஸ்தானம் நமக்குப் புலப்படாது.

முதற் கேள்விக்கு வித்திட்டது கூடைப்பந்தன்று, அமெரிக்கக் கால்பந்து. 1984 நவம்பர் 23 அன்று மயாமி சர்வகலாசாலையுடன் நடந்த ஆட்டம் முடியும் தறுவாயில், பாஸ்டன் கலாசாலையின் டக் ஃப்ளூட்டி பாதி மைதானத்திற்கும் அப்பாலிருந்து வீசிய பந்தை அவருடைய தோழர் இலக்கிற்குள் பற்றிக்கொள்ள, தோற்க வேண்டிய ஆட்டத்தை 47-க்கு 45 என்ற கணக்கில் பாஸ்டன் வென்றது. நாடே தொலைக்காட்சியில் அதைக் கண்டது. அடுத்த ஈராண்டுகளில் அக்கலாசாலைக்கு வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 30 அளவு பெருகவே, வெற்றியால் விண்ணப்பம் பெருகும் என்ற கொள்கைக்கு ஃப்ளூட்டியின் பெயரே நிலைத்துவிட்டது. அதே 1984-இல், பயிற்சியாளர் ஜான் தாம்ஸனின் கீழ், பாட்ரிக் யூவிங் என்ற நெடிய வீரரை முன்னிட்டு ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலை தேசியக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றது. 1983-க்கும் 1986-க்கும் இடையில் அங்கே விண்ணப்பங்கள் நூற்றுக்கு 45 அளவு உயர்ந்தன என்ற செய்தி அன்றுமுதல் இக்கொள்கைக்கு இரண்டாவது சாட்சியாகக் காட்டப்பட்டு வருகிறது.

ஆனால் இச்சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவர்களும் உண்டு. பாஸ்டன் கலாசாலை, உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்து படித்துத் திரும்பும் நிலையிலிருந்து நாடெங்குமுள்ள மாணாக்கர்களை ஈர்க்கும் நிலைக்கு உயர வேண்டும் என்று, ஃப்ளூட்டி பந்தெறிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிட்டு உழைத்து வந்தது. விடுதிகள் கட்டப்பட்டன, உபகாரச் சம்பளங்கள் கணக்குப் பார்த்துப் பகிரப்பட்டன, பழைய மாணாக்கர்கள் ஊர் ஊராகச் சென்று கலாசாலையின் பெருமையை எடுத்துரைத்தனர். விண்ணப்பங்கள் முன்னரே ஏறுமுகத்தில் இருந்தன. பிற்காலத்தில் கால்பந்துக் குழு தோல்விமேல் தோல்வி கண்ட ஒரு சமயத்தில் விண்ணப்பங்கள் முன்னிலும் வேகமாகப் பெருகியதும் உண்டு. ஒரு நிகழ்ச்சியின்பின் மற்றொன்று நிகழ்ந்தது என்பதனாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்ற தர்க்க நியாயத்தை, விளையாட்டுப் பிரியர்கள் மறப்பது எளிது.

இருப்பினும், வெற்றிக்கு விளைவே இல்லை என்று சாதிப்பதும் உண்மைக்கு மாறுபட்டதேயாம். வர்ஜீனியா மாகாணத்தில், 1972-இல்தான் தனி ஸ்தாபனமாகப் பிரிந்து வளர்ந்த ஜார்ஜ் மேஸன் சர்வகலாசாலையை, 2006-க்கு முன் தன் வட்டாரத்திற்கு வெளியே அறிந்தவர்கள் மிகக் குறைவு. அவ்வாண்டு பந்தயத்தில், தன் பிரிவில் பதினோராவது தரத்தில் வைக்கப்பட்டிருந்த அதன் குழு, முந்தைய ஆண்டு பட்டம் வென்ற வட கரோலினாவையும், பின்னர் 86-க்கு 84 என்ற கணக்கில் கனெக்டிகட்டையும் வீழ்த்தி, கடைசி நான்கு குழுக்களுள் ஒன்றாயிற்று. அடுத்த ஆண்டு அங்கே முதலாண்டு விண்ணப்பங்கள் நூற்றுக்கு 20-க்கு மேல் உயர்ந்தன. இண்டியானாபொலிஸ் நகரத்துப் பட்லர் சர்வகலாசாலையின் கதை இன்னும் பிரசித்தம். ஏறத்தாழ 4,500 மாணாக்கர்களே பயிலும் அச்சிறு ஸ்தாபனம், 2010-இல் தன் சொந்த நகரத்திலேயே நடந்த இறுதி ஆட்டத்தில் டியூக் சர்வகலாசாலையிடம் 61-க்கு 59 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது. கடைசி நொடியில் கார்டன் ஹேவர்டு அரைக்களத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. தோற்ற குழுவாயினும், அதன்பின் பட்லருக்கு வந்த விண்ணப்பங்கள் நூற்றுக்கு 41 அளவு அதிகமாயின. வெற்றி தோல்வியைக் காட்டிலும் மக்களின் கண்ணில் பட்டதே அங்கே காரியம் செய்தது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

தனிக்கதைகளிலே ஒரு குறை உண்டு. விண்ணப்பம் பெருகிய கலாசாலையின் கதை ஊரெங்கும் பரவுகிறது. வென்றும் பெருகாத கலாசாலையைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. இக்குறையை விலக்கும் பொருட்டு, டெவின் போப், ஜாரன் போப் என்னும் இரு பொருளாதார நூலறிஞர்கள், கலாசாலை விளையாட்டுக்களின் மிக உயர்ந்த படியாகிய முதற்பிரிவில் ஆடும் 300-க்கு மேற்பட்ட கலாசாலைகளைப் பற்றி ஏறத்தாழ 20 ஆண்டுக்கால விவரங்களைத் திரட்டி, ஒரே கலாசாலை புகழ்பெற்ற ஆண்டையும் புகழ்பெறாத ஆண்டையும் ஒப்பிட்டு, 2009-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தேசியக் கூடைப்பந்துப் பந்தயத்தில் இடம்பெறுவது மட்டும் விண்ணப்பங்களை நூற்றுக்கு 1 அளவும், கடைசிப் பதினாறில் ஒன்றாவது 3 அளவும், கடைசி நான்கில் ஒன்றாவது 4 அல்லது 5 அளவும், பட்டமே வெல்வது 7 அல்லது 8 அளவும் உயர்த்துகின்றன என்று அவர்கள் கண்டனர். ஆண்டுக்கு 20,000 விண்ணப்பம் பெறும் ஒரு கலாசாலை பட்டம் வென்றால், சுமார் 1,500 விண்ணப்பங்கள் கூடுதலாக வரும் என்பது இதன் பொருள். அற்பமானதன்று, ஆயினும் பத்திரிகைக் கதைகள் நம்மை எதிர்பார்க்கச் செய்யும் பெருவெள்ளமும் அன்று.

அவ்வாராய்ச்சியின் மற்ற முடிவுகள் இன்னும் கவனிக்கத்தக்கவை. அரசாங்கச் சர்வகலாசாலைகளைக் காட்டிலும் தனியார் கலாசாலைகளுக்கு இவ்வனுகூலம் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். மாகாணத்தின் பெயரைத் தாங்கிய ஸ்தாபனத்தை அம்மாகாணத்துப் பிள்ளைகள் முன்னரே அறிந்திருப்பார்கள் என்பதும், பெயர் அறியப்படாத தனியார் கலாசாலைக்கே விளம்பரம் மிகுதியும் தேவை என்பதும் இதனைப் பொருத்தமாக விளக்குகின்றன. கலாசாலை அனுமதிக்கென நடக்கும் எஸ்.ஏ.டி. தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணாக்கர்கள் இப்புகழுக்கு அதிகமாக வசப்படுகிறார்கள். எனினும் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களும் ஓரளவு வருகின்றனர் என்பதால், கலாசாலை தன் விருப்பப்படி பொறுக்கி எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஹார்வர்டு வர்த்தகப் பள்ளியைச் சேர்ந்த டக் சங் என்பவர் கால்பந்தை வைத்து 2013-இல் செய்த ஆராய்ச்சி, நடுத்தரக் குழு ஒன்று மிகச் சிறந்த குழுவாக உயர்ந்தால் விண்ணப்பங்கள் நூற்றுக்கு 18 அளவில் கூடலாம் என்று கணித்தது. அதே ஆராய்ச்சி, இப்புகழ் கைப்பொருள்போல் நிலைப்பதன்று, ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும் என்பதையும் சேர்த்தே காட்டிற்று.

இதன் காரணம் ஆழ்ந்து தேட வேண்டியதன்று. அமெரிக்காவில் நான்காண்டுப் படிப்பு அளிக்கும் ஸ்தாபனங்கள் 2,000-க்கு மேல் இருக்கின்றன. பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் அவற்றுள் சிலவற்றையே எண்ணிப் பார்க்க முடியும்; எண்ணப்படுவதற்கு முதல் நிபந்தனை பெயர் நினைவில் இருத்தல். கூடைப்பந்து அந்தப் பெயரை நினைவில் நிறுத்துகிறது. அதற்குமேல் பேராசிரியர்களின் தரத்தைப் பற்றியோ நூல்நிலையத்தைப் பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை. ஆகையால் முன்னரே பெயர் பெற்ற ஸ்தாபனத்திற்கு அது தேவையே இல்லை. விஞ்ஞானத்தில் உலகப் புகழ் பெற்ற கால்டெக் நிலையத்தின் கூடைப்பந்துக் குழு, 1985 முதல் 2011 வரையில் தன் வட்டாரப் போட்டியில் தொடர்ந்து 310 ஆட்டங்களில் தோற்றது. ஆயினும் அந்த 26 ஆண்டுகளில் அதன் வாசலை முற்றுகையிட்ட மேதாவிப் பிள்ளைகளின் கூட்டம் குறைந்ததில்லை.

கார்னெல் சர்வகலாசாலைப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஃபிராங்க், கலாசாலை விளையாட்டுக்களின் சீர்திருத்தத்தை நாடும் நைட் கமிஷனுக்கு 2004-இல் அளித்த அறிக்கையில், இவ்விஷயத்தின் வேறொரு பக்கத்தைச் சுட்டிக்காட்டினார். பட்டம் ஒன்றுதான்; ஒரு கலாசாலை ஏறினால் மற்றொன்று இறங்கியே ஆக வேண்டும். இந்நிலையில் ஒவ்வொரு கலாசாலையும் பயிற்சியாளருக்கும் அரங்கத்துக்கும் மேலும் மேலும் செலவழிப்பதால், எல்லாக் கலாசாலைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது செலவு மட்டும் மிஞ்சுகிறதே தவிர, மொத்த மாணாக்கர் தொகையோ தகுதியோ உயர்வதில்லை. பொதுப்பட்ட விளைவு மிகச் சிறிது என்பதே அவர் கருத்து.

பெருகிய விண்ணப்பங்களைக் கலாசாலைகள் என்ன செய்கின்றன என்பதையும் இங்கே சிந்திக்க வேண்டும். இடங்கள் அநேகமாகப் பெருகுவதில்லை. ஆகவே அதிகமான விண்ணப்பம் என்பது அதிகமான நிராகரிப்பு. 1983-இல் ஒரு செய்தி வாரப் பத்திரிகை தொடங்கிய கலாசாலைத் தரவரிசை, எத்தனை பேரை மறுத்தது என்பதையும் நெடுங்காலம் சிறப்பின் அளவுகோல்களுள் ஒன்றாக வைத்திருந்தது. 2018-இல்தான் அதைக் கைவிட்டது. இவ்வளவு காலமும், பந்தாட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு விண்ணப்பக் கட்டணம் செலுத்திய பிள்ளைகளுள் பெரும்பாலோர், தாங்கள் உள்ளே நுழையாமலே, நுழைந்தவர்களின் பட்டத்திற்கு மெருகேற்றிக் கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். விளையாட்டு வீரர்களை அனுமதிப்பதைப் பற்றிய விவாதம் பொதுமக்கள் காதில் விழுந்தபோதெல்லாம், அது பெரும்பாலும் கூடைப்பந்து, கால்பந்து வீரர்களைப் பற்றியதாகவும், அவர்களுள்ளும் ஏழைக் கறுப்பின இளைஞர்களைப் பற்றியதாகவுமே இருந்தது. தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கம் 1983-இல் நிறைவேற்றி 1986-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 48-ஆம் பிரேரணை, முதலாண்டிலேயே ஆட விரும்புவோர் பதினொரு அடிப்படைப் பாடங்களில் சராசரித் தேர்ச்சியும் எஸ்.ஏ.டி. தேர்வில் 700 மதிப்பெண்ணும் பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. 1989-இல் வந்த 42-ஆம் பிரேரணை, அவ்வளவு பெறாதவர்களுக்கு விளையாட்டு உபகாரச் சம்பளத்தையே மறுக்க முனைந்தது. அதைக் கண்டிக்கும் பொருட்டு, அவ்வாண்டு ஜனவரி 14 அன்று, ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்ஸன், பாஸ்டன் கலாசாலையுடனான ஆட்டம் ஆரம்பிக்கும் சமயத்தில், கூட்டம் எழுந்து ஆரவாரிக்கக் களத்தை விட்டு வெளியேறினார். தேசியப் பட்டம் வென்ற முதற் கறுப்பினப் பயிற்சியாளராகிய அவர், ஏழைப் பிள்ளைகள் சர்வகலாசாலைக்குள் நுழைய எஞ்சியிருந்த ஒரு வாசலையும் அடைப்பது நியாயமன்று என்று வாதித்தார். அடுத்த ஆண்டு அப்பிரேரணை தளர்த்தப்பட்டது. மதிப்பெண் விதி பல மாறுதல்களுக்குட்பட்டு, 2023 ஜனவரியில் முற்றிலும் நீக்கப்பட்டது. இவ்விவாதம் நாற்பது ஆண்டு காலம் பகிரங்கமாக, எல்லோரும் அறிய நடந்தது.

ஆனால் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால், கூடைப்பந்து வீரர்களால் கலாசாலை அனுமதியில் நேரும் மாற்றம் மிகச் சொற்பம். முதற்பிரிவில் ஆடவர் குழு ஒன்றுக்கு நெடுங்காலமாக அனுமதிக்கப்பட்டிருந்த உபகாரச் சம்பளங்கள் 13 மட்டுமே. முப்பதாயிரம் பேர் படிக்கும் மாகாணச் சர்வகலாசாலையில் பதின்மூன்று பேர் எம்மட்டு? விளையாட்டு உண்மையாகவே அனுமதியின் போக்கைத் திருப்புவது, தொலைக்காட்சி எட்டிப்பார்க்காத இடங்களில், அதாவது மிகக் கடுமையாகத் தேர்ந்தெடுக்கும் சிறிய, செல்வம் மிகுந்த கலாசாலைகளில். பிரின்ஸ்டனின் முன்னாள் தலைவர் வில்லியம் போவனும் ஜேம்ஸ் ஷுல்மனும் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இவ்வுண்மையை முதன்முதலில் விரிவாக நிறுவிற்று. பெரிய மிச்சிகன் சர்வகலாசாலையில் விளையாட்டு வீரர்கள் ஆண் மாணாக்கருள் மிகச் சிறு பகுதியினரேயாக, சிறு கலைக் கலாசாலைகளிலோ அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராய் இருந்தனர். இதற்கு எளிய கணக்கே காரணம். இரண்டாயிரம் பேர் படிக்கும் கலாசாலையும் முப்பது குழுக்களை நடத்தினால், ஒவ்வொரு குழுவையும் நிரப்ப ஆள் வேண்டுமல்லவா? ஹார்வர்டு மட்டும் முதற்பிரிவில் 42 குழுக்களை நடத்துகிறது. அவற்றுள் படகோட்டம், வாட்போர், ஸ்குவாஷ், பாய்மரப் படகு முதலியன அடங்கும். சாமானியக் குடும்பத்துப் பிள்ளை இவற்றைப் பழகும் பள்ளிக்கூடம் நாட்டில் அரிது.

ஹார்வர்டு முதலிய எட்டுக் கலாசாலைகள் அடங்கிய ஐவி கூட்டமைப்பு, 1954 உடன்படிக்கையின்படி, விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் தருவதில்லை. வீரர்களின் கல்வித் தகுதி மற்ற மாணாக்கரின் தகுதியினின்று மிகவும் தாழ்ந்துவிடாதபடி ஒரு குறியீட்டெண்ணும் வைத்திருக்கிறது. இவ்வேற்பாடுகள் பாராட்டத்தக்கவையே. ஆயினும், பயிற்சியாளர் தேடி அழைத்துத் தம் பட்டியலில் சேர்த்த வீரருக்கும் மற்றவருக்கும் இடையிலுள்ள வேற்றுமை எத்தகையது என்பது, அனுமதியில் இனத்தைக் கருதுவது பற்றி ஹார்வர்டுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2018-இல் விசாரணை நடந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. அவ்வழக்கில் வெளியான விவரங்களை ஆராய்ந்த பீட்டர் அர்சிடியாகானோ முதலிய பொருளாதார அறிஞர்கள், தேடி அழைக்கப்பட்ட வீரர்களுள் நூற்றுக்கு 86 பேர் அனுமதி பெற்றனர் என்றும், மற்ற விண்ணப்பதாரர்களுள் ஏறத்தாழ 6 பேருக்கே இடம் கிடைத்தது என்றும் காட்டினர். பயிற்சியாளர் முன்கூட்டியே வடிகட்டியவர்களே விண்ணப்பிக்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. அதனைக் கழித்துப் பார்த்தாலும் வேற்றுமை மலைபோலவே நிற்கிறது. அனுமதி பெற்ற வெள்ளையர்களுள் நூற்றுக்கு 43 பேர், வீரர்களாகவோ, பழைய மாணாக்கரின் மக்களாகவோ, ஆசிரியர்களின் மக்களாகவோ, அனுமதித் துறைத் தலைவரின் தனிப்பட்டியலில் இடம்பெற்றவர்களாகவோ இருந்தனர் என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவு.

ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் மூவரும் 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஐவி கலாசாலைகள் எட்டையும் ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டியூக், சிகாகோ ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு, ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தாலும், நாட்டின் தனவந்தருள் முதல் நூற்றிலொரு பங்கினரின் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைக் காட்டிலும் இக்கலாசாலைகளில் சேர்ந்து பயிலும் வாய்ப்பு இரண்டு மடங்கிற்கும் மேல் என்று நிறுவியது. அனுமதியில் அவர்களுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளையாட்டு வீரர்களைத் தேடிச் சேர்ப்பதால் விளைவது. ஏழைக்கு ஏணி என்று நாம் எண்ணியிருந்த விளையாட்டு, உச்சியிலுள்ள கலாசாலைகளில் செல்வருக்கே ஏணியாக நிற்கிறது. அதனைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியவர்களும் இல்லாமலில்லை. 2019 மார்ச்சு 12 அன்று பாஸ்டன் நகரத்து மத்திய அரசு வழக்கறிஞர்கள் 50 பேர்மீது வழக்குத் தொடர்ந்து அம்பலப்படுத்திய மோசடியில், ரிக் சிங்கர் என்ற தரகர், பணம் படைத்தோரின் பிள்ளைகளை, ஆடியே அறியாத விளையாட்டுக்களின் வீரர்களென்று ஜோடித்து, பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்து உள்ளே சேர்த்திருந்தார். தகுதியால் நுழைவது முன்வாசல், பெருங்கொடையால் நுழைவது பின்வாசல், தாம் காட்டுவது பக்கவாசல் என்று அவரே அதற்குப் பெயரும் சூட்டியிருந்தார். அவர் புதிய வாசல் எதையும் உடைக்கவில்லை. பயிற்சியாளரின் பரிந்துரை ஒன்றே போதுமானதாக இருந்த வாசலைத் திறக்கும் விலையை மட்டும் அறிந்திருந்தார்.

இவ்விரண்டு கேள்விகளைப் பற்றிய ஆராய்ச்சிகளையும் இணைத்துப் பார்க்கும்போது ஒரு முடிவுக்கு வரவேண்டியவர்களாகிறோம். கோடிக்கணக்கானோர் காணும் கூடைப்பந்து வெற்றி, ஒரு சில கலாசாலைகளுக்குச் சில ஆண்டுகள், நூற்றுக்குச் சில விண்ணப்பங்களைக் கூட்டுகிறது. யாரும் காணாத ஸ்குவாஷும் படகோட்டமும், அதிகாரத்துக்கும் செல்வத்துக்கும் வழிவிடும் கலாசாலைகளில், யார் நுழைவது என்பதை ஆண்டுதோறும் நிர்ணயிக்கின்றன. அவ்வாறிருந்தும் இரண்டாவது ஏற்பாட்டின்மேல் மக்களுக்குச் சினம் எழாமைக்கு, முதலாவதன் புகழே காரணம் என்பது என் அபிப்பிராயம். விளையாட்டு வீரருக்கு இடம் என்றவுடன் ஜனங்களின் மனக்கண்முன் நிற்பவர் யூவிங் போன்றவர், உழைப்பால் உயர்ந்தவர், தம் கலாசாலைக்குப் பெயர் தேடிக் கொடுத்தவர். அவருக்கு உரிய மதிப்பு, அவரோடு ஒரே சொல்லால் குறிக்கப்படும் பாய்மரப் படகு வீரருக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது.

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதியில் இனத்தைக் கருதுவதைத் தடைசெய்தது. அதற்கு முன்னரே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையும் ஆம்ஹர்ஸ்ட் கலாசாலையும் பழைய மாணாக்கரின் பிள்ளைகளுக்கு அளித்துவந்த சலுகையைத் தாமாகவே நீக்கிக்கொண்டன. பயிற்சியாளரின் பட்டியலோ அசையாமல் இருக்கிறது. அதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பதில்லை. விளையாட்டும் கல்வியின் ஓர் அங்கம் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால், ஒவ்வொரு விளையாட்டுக்கும் எத்தனை இடம் ஒதுக்கப்படுகிறது, அவ்விடங்களில் அமர்வோர் எவ்வகைக் குடும்பத்தினர், அவர்களுடைய தேர்ச்சி யாது என்பவற்றைக் கலாசாலைகள் ஆண்டுதோறும் வெளியிடுவது நியாயமாகும். 1989-இல் ஏழை வீரர்களின் மதிப்பெண்களை நாடே அலசி ஆராய்ந்தது. செல்வ வீட்டு வீரர்களின் மதிப்பெண்கள் வெளிவர ஒரு வழக்கு வேண்டியிருந்தது. இரு சாராருக்கும் ஒரே வெளிச்சம் கிடைத்தாலன்றி, விளையாட்டுத் தகுதியும் ஒரு தகுதியே என்று வாதிக்கும் உரிமை அக்கலாசாலைகளுக்கு இல்லை.